அப்பன் கண்ணு

ரயில்வேக்காரக் குடும்பத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. புள்ளிப் புத்தகத்துக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. வேலைக்கு எடுக்கும்போது டாக்டர் அதைத்தான் விரித்துக் காட்டுவார். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் நிறையக் கலர் கலராகப் புள்ளிகள். நல்ல கண்ணுக்கு அதற்குள் ஒரு எண் தெரியும். சிவப்பும் பச்சையும் பிரியாத கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இல்லாவிட்டால் வேறு எண் தெரியும். சரியாகச் சொன்னவன் எஞ்சினில் ஏறலாம். சொல்லத் தெரியாதவன் குடோனில் நட்டு போல்ட்டு பிரித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். தெலுங்கு நாட்டு லாலாகுடா பக்கத்துத் தமிழ் வீடுகளில் 'மெடிக்கல்ல போய்ட்டான்' என்று ஒருத்தனைப் பற்றிச் சொன்னால் அவன் செத்துப்போனதாக அர்த்தமில்லை. ஆனால் சொல்கிற குரல் என்னவோ எழவு சொல்கிற குரல்தான்.

தேவராஜ் அப்படி மெடிக்கலில் போனவர். போனதிலும் ஒரு கூத்து இருந்தது. வேலைக்குச் சேரும்போது அவர் அந்தப் பரீட்சையைத் தேறியிருந்தார். எப்படித் தேறினார் என்றால், ஆபிட்ஸ் பிளாட்பாரத்து ஞாயிற்றுக்கிழமைப் புத்தகக் கடையில் அதே புள்ளிப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்றை வாங்கி, நல்ல கண்ணுள்ள கூட்டாளி ஒருத்தனைப் பக்கம் பக்கமாக வாசிக்கச் சொல்லி, வேதபாடம்போல மனப்பாடம் செய்துவிட்டுப் போனார். பதினோரு வருஷம் அசிஸ்டென்ட் டிரைவராக எஞ்சினில் நின்றார். அப்புறம் ஒரு நாள் மறு மெடிக்கலில் புதிதாக வந்த டாக்டர் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினார். தேவராஜ் முன்பக்கத்துக் கணக்கில் பதில் சொன்னார். அன்றைக்கே எஞ்சினை விட்டு இறக்கி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருமுல்கேரியில் இரண்டு ரூம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு கூடவே வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஏர்கூலருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மகள் ஜெஸ்ஸி வந்தாள். மே மாசக் கடைசி. சுவரைத் தொட்டால் கை சுட்டது. கொண்டாப்பூரிலிருந்து இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ மாறி வருகிற பெண், வந்ததும் நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போகிறவள், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றாள் தாய் ஆக்னஸ்.

ஜெஸ்ஸி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆக்னஸுக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். ரயில்வே ஸ்கூலில் பத்தாவது வரை படித்தவள். வாசித்துக்கொண்டே போனவள் நடுவில் நிறுத்திப் புருஷனைப் பார்த்தாள். தேவராஜ் குடத்தைக் கீழே வைத்தார்.

அவள் கம்பெனியில் அடித்துக் கொடுத்த காகிதத்தில் இருந்தது இதுதான்: 'பார்வைக் குறைபாடு காரணமாக நானே விருப்பப்பட்டு வேலையிலிருந்து விலகுகிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. கையெழுத்துப் போட வேண்டும், அல்லது நிறம் பிரித்தறியும் கண் என்று டாக்டரிடம் சர்ட்டிபிகேட் கொண்டு வர வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள்.

ஜெஸ்ஸியின் வேலையே நிறம்தான். ஆன்லைனில் புடவை விற்கிறவர்கள் அனுப்பும் போட்டோக்களை எடிட்டிங் சாப்ட்வேரில் போட்டு நிறம் திருத்திக் கொடுக்கிற கம்பெனி அது. ஒவ்வொரு போட்டோவோடும் ரவிக்கைத் துணி ஓரத்தில் வெட்டிய விரலகலத் துண்டு ஒன்று வரும். வெள்ளை டியூப் லைட் எரிகிற ஒரு பெட்டிக்குள் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு, திரையில் இருக்கிற புடவையை அதே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். கேமரா அரக்கைச் செங்கல் ஆக்கும், மயில்கழுத்தைச் சாதா நீலம் ஆக்கும். அதையெல்லாம் கெஞ்சிக் கொஞ்சித் திருப்பிக் கொண்டுவருவதில் நாலு வருஷமாக அவளுக்கு ஜோடி கிடையாது. கல்யாணப் புடவை என்றாலே அவள் டேபிளுக்குத்தான் போகும். ஐந்து வாரம் முன்னால் 'பெஸ்ட் பெர்ஃபார்மர்' என்று கைதட்டி, புத்தம்புது மானிட்டர் ஒன்றை அவளுக்கு மட்டும் வைத்துக் கொடுத்தார்கள்.

"அறுபத்திரண்டு புடவை திரும்பி வந்திருச்சாம் மம்மி. எல்லாம் நான் முடிச்சதுதான். அரக்குன்னு போட்டிருக்கு, போன்ல கத்திரிப்பூ கலராத் தெரியுது, வாங்கிப் பிரிச்சா அரக்காக் கீதுன்னு கஸ்டமர் கத்துறாங்களாம். மஞ்சள் எல்லாம் வெளுத்துப்போய்த் தெரியுதாம். மேனேஜர் சார் எல்லார் முன்னாடியும் கேட்டாரு, 'உங்க வீட்ல யாருக்காவது கலர் பிளைன்ட் இருக்கா'ன்னு."

"நீ இன்னா சொன்னே?"

"பப்பாவுக்கு கீதுன்னேன்."

"ஐயோ கர்த்தாவே! கைக்கு சொன்னே? அத ஏன்டி சொன்னே நீ?" ஆக்னஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பன் கண்ணு! எனக்கு அப்பவே தெரியும். மூக்கு, நெத்தி எல்லாம் அப்டியே அப்பன். கண்ணு மட்டும் வேறயாவா வரும்? இனிமே இந்தப் பேச்சு சர்ச் வரைக்கும் போவும். கண்ணு கோளாறுன்னு பேர் வாங்கினவளை எவன் வந்து கட்டுவான்?"

"கட்டாட்டி போறான், மம்மி. நான் இன்னா அவன் கலரைப் பார்த்தா கட்டிக்கப் போறேன்?"

வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளுக்குள் அவளும் ஆடிப்போயிருந்தாள். மேனேஜர் கம்பெனியின் போன் க்ரூப்பிலும் அவள் கண்ணைப் பற்றி எழுதிவிட்டபோதே அங்கே சண்டை போட்டிருக்க வேண்டியவள் போடாமல் வந்ததற்குக் காரணம் அதுதான். சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு ஊறிய பேச்சு. ஒரு நாள் நம் கண்ணும் இப்படிப் போகும் என்று அவளே எங்கோ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.  அன்று ராத்திரிச் சோற்றைத் தேவராஜ் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆக்னஸ் பூசைக்குப் போய்விட்டு வரும் வழியில் புளிச்சக்கீரைக் கட்டும் மட்டனும் வாங்கி வந்தாள். அவளுக்குத் துக்கம் வந்தால் சமையல் அதிகமாகும். கீரையை ஆய்ந்துகொண்டு அவள் கீழே உட்கார்ந்திருந்தபோது, தேவராஜ் பீரோவின் அடித்தட்டைக் கிளறி, பென்ஷன் காகிதங்களுக்குக் கீழேயிருந்து எதையோ உருவிக்கொண்டு வந்தார். பழைய பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் புள்ளிப் புத்தகம்.

"இத இன்னும் வெச்சிக்கினா கீறீங்க?" ஆக்னஸின் கை கீரையில் நின்றுவிட்டது.

தேவராஜ் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, ஏதோ திருட்டுச் சாமானை விற்கிற மாதிரி பேசினார். "ஜெஸ்ஸிம்மா, சொன்னாக் கேளு. எந்த டாக்டர்கிட்ட போனாலும் இந்தப் புக்குதான். மொதப் பக்கம் பன்னெண்டு. ரெண்டாவது எட்டு. வரிசையாச் சொல்றேன், எழுதிக்கோ. பின்னாலேந்தும் சொல்றேன். நான் அங்கதான் உட்டேன். ஒரே நாள்ல நெட்டுரு போட்டுடலாம். நீதான் கெட்டிக்காரியாச்சே."

ஜெஸ்ஸி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மகளுக்குத் தன்னால் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான் என்று நினைத்து எடுத்து வந்திருந்தார்.

"நக்கோ பப்பா. வேணாம்."

"இதுல ஒண்ணும் தப்பில்ல..."

"நக்கோன்னா நக்கோ! கண்ணு கெட்டிருந்தா கெட்டுதுன்னு சொல்லிட்டுப் போறேன். நெட்டுரு போட்டு ஏமாத்திட்டு, தெனம் தெனம் எப்போ மாட்டுவோம்னு பயந்துக்கினு உக்கார என்னால ஆவாது. நீங்க உக்காந்தீங்களே, இன்னா சொகத்தக் கண்டீங்க?"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. தேவராஜ் சட்டென்று எழுந்துவிடவில்லை. கோபமும் படவில்லை. புத்தக உறையைத் தடவினார்.

"ஒரு சொகம் கண்டேன்," என்றார். "எஞ்சினு ஓடுச்சே. பதினோரு வருஷம் ஒரு சிக்னல நான் டிரைவருக்குத் தப்பாக் கூவுனதில்ல. கலரா பார்த்தேன்? கீழ எரிஞ்சா செவப்பு, நடுவுல எரிஞ்சா பச்ச. எடத்த வெச்சி சொல்லிடுவேன். ஒரு வண்டி, ஒரே ஒரு வண்டி தப்பாப் போயிருந்தா நீங்க பேசுங்க. இந்த ஊட்ல முப்பது வருஷமா 'அப்பன் கண்ணு, அப்பன் கண்ணு'ன்னு... ஹவ்வே, ஆமா, என் கண்ணுதான். பொய் சொன்னது தப்பு. கண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு?"

ஆக்னஸ் இப்படி ஒரு பேச்சை அவர் வாயிலிருந்து கேட்டதேயில்லை. அடுப்பில் குக்கர் கத்தியது. யாரும் எழுந்து போகவில்லை.

"குடுங்க அத," என்று ஜெஸ்ஸி கை நீட்டினாள். "நெட்டுரு போட மாட்டேன். ஆனா பாக்கிறேன். நீங்க பிரிங்க. நடுவுல எதையாவது பிரிங்க. பக்க நம்பரைக் கையால மூடிக்கோங்க."

தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கத்தைப் பிரித்தார். பக்க எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அவள் முன்னால் பிடித்தார்.

"எழுவத்தி நாலு."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பித் தானும் பார்த்தார். முழித்தார். பக்க எண்ணை மூடிக்கொண்டால் அவருக்கு எது எந்தப் பக்கம் என்றே தெரியாது. "எனக்கு இருவத்தொண்ணு மாதிரி கீது," என்றார் பரிதாபமாக.

"இங்க காட்டுங்க!" ஆக்னஸ் கீரையைத் தள்ளிவிட்டு முழங்காலாலேயே நகர்ந்து வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "எழுவத்தி நாலுதாங்க! பட்டவர்த்தனமாத் தெரியுதே! அடுத்தது பிரிங்க."

"ஆறு."

"ஆறேதான்!"

"நாப்பத்தஞ்சு."

"ஹவ்! நாப்பத்தஞ்சு!"

பரீட்சை எழுதுகிறவள் மகள், திருத்துகிறவள் தாய், கேள்வித்தாளைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் அப்பன். இருபது பக்கத்துக்கு மேல் பார்த்தார்கள். ஒன்றும் தவறவில்லை. கடைசிப் பக்கம் முடிந்ததும் ஆக்னஸ் புருஷன் தோளில் ஒரு அடி வைத்தாள். அது கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியாது.

"அப்போ அந்தப் பொடவ மட்டும் ஏண்டி கலர் மாறிச்சு?" என்றாள் அடுத்த நிமிஷமே.

அது நல்ல கேள்வி. கம்பெனியில் போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், போட்டோ வெளியே போய்விடக் கூடாதென்று. தான் முடித்த புடவையைப் போனில் பார்த்த வழக்கமே ஜெஸ்ஸிக்கு இல்லை. இப்போது தன் போனை எடுத்து, புடவை விற்கிறவர்களின் பக்கத்தைத் திறந்தாள். மூன்று வாரம் முன்னால் அவளே உட்கார்ந்து அரை நாள் செதுக்கிய முகூர்த்தப் புடவை. துண்டுத் துணியின் நிறம் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. பழுத்த மிளகாயின் அரக்கு.

போனில் அது கத்திரிப்பூவாக இருந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "மம்மி! எனக்குத் தெரியுது!"

"இன்னா தெரியுது?"

"தப்பு தெரியுது! இது நீலம் பாஞ்சி கீதுன்னு எனக்கே தெரியுது. கண்ணு கெட்டிருந்தா இங்கயும் எனக்குச் சரியாத்தானே தெரியணும்? ஆபீஸ் ஸ்க்ரீன்ல அரக்கு, இங்க கத்திரிப்பூ. கண்ணு ஒண்ணு, ஸ்க்ரீன் ரெண்டு. எது பொய் சொல்லுது?"

தேவராஜ் முதல் முறையாகச் சிரித்தார். "மிஷினை மெடிக்கலுக்கு அனுப்பு," என்றார்.

அன்று சாயங்காலம் வரை ஜெஸ்ஸி போனும் கையுமாக இருந்தாள். உலகத்தில் தனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்தது எத்தனையோ பேருக்கு வந்திருந்தது. 'வெள்ளை நிறம் எடிட்டிங் சாப்ட்வேரில் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது, வேறு எதில் திறந்தாலும் வெள்ளையாக இருக்கிறது' என்று யார் யாரோ எழுதியிருந்தார்கள். மானிட்டரோடு ஒரு ஜாதகம் வருமாம். ப்ரொஃபைல் என்று பெயர். இந்த மானிட்டர் நிறங்களை இப்படி இப்படிக் காட்டும் என்று செய்தவர்கள் எழுதிக் கொடுப்பது. சாதாரணமாகப் படம் காட்டுகிற சாப்ட்வேர் பலதும் அந்த ஜாதகத்தைத் திறந்துகூடப் பார்க்காது. எடிட்டிங் சாப்ட்வேர் ஜாதகம் பார்க்காமல் எதையும் செய்யாது. ஜாதகமே தப்பாக எழுதியிருந்தால் அது காட்டும் நிறமெல்லாம் தப்பாகத்தான் இருக்கும். புது மானிட்டரின் ஜாதகம் எல்லாவற்றையும் மஞ்சளாக்கியிருக்கிறது. மஞ்சளைக் குறைக்க இவள் ஐந்து வாரமாக நீலத்தை ஊற்றியிருக்கிறாள். ஏனோதானோவென்று வேலை செய்கிறவளாக இருந்திருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது. துண்டுத் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கவனமாகச் செய்ததுதான் குற்றமாகப் போயிற்று. அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புளிச்சக்கீரை மட்டனை மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் கார்டு இன்னும் கதவைத் திறந்தது. ஆளை வெட்டிவிடுகிற வேகம் கார்டை வெட்டுவதில் அந்தக் கம்பெனிக்கு இல்லை. நேராகத் தன் சீட்டுக்குப் போனாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை, உட்காரவும் இல்லை. நின்றபடியே கம்ப்யூட்டரைப் போட்டாள். பக்கத்து சீட்டு சாஹித்யா தெலுங்குப் பெண், இவளோடு சேர்ந்து வேலைக்கு வந்தவள்.

"ஏமைந்தி ஜெஸ்ஸி? என்ன ஆச்சு? சார் பார்த்தா கத்துவாரு," என்றாள் அரைகுறைத் தமிழில்.

"கத்தட்டும். நீ இத மட்டும் பாரு."

எடிட்டிங் சாப்ட்வேரில் ஒரு வெற்றுப் படத்தைத் திறந்து முழுக்க வெள்ளையை நிரப்பினாள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருநூற்று ஐம்பத்தைந்து என்று ஓரத்தில் எண் காட்டியது. மூன்றும் உச்சத்தில் இருந்தால் அது சுத்த வெள்ளை. அந்தப் படத்தைச் சேமித்து, சாதாரணமாகப் படம் பார்க்கிற ஜன்னலில் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். சாஹித்யா "அம்மோ!" என்று வாயில் கை வைத்தாள். ஒன்று சலவை வேட்டி. இன்னொன்று பழைய பஞ்சாங்கத் தாள். அக்கம்பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து வந்தார்கள்.

அதற்குள் மேனேஜர் பத்மநாபன் வந்துவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு வருஷமாகக் கொண்டாப்பூரில் இருக்கிறவர். ஜெஸ்ஸியோடு தமிழில்தான் பேசுவார், அவள் தமிழைக் கேட்டு அடிக்கடி சிரிக்கவும் செய்வார்.

"என்னம்மா இது கூட்டம்? சர்ட்டிபிகேட் கொண்டு வந்தியா?"

"கொண்டு வரல சார். மொதல்ல இதப் பாருங்க. இது இன்னா கலர்?"

"உன் கண்ணைப் பத்திப் பேசிட்டிருக்கறப்ப..."

"என் கண்ண உடுங்க சார். உங்க கண்ணுக்கு இன்னா தெரியுது, அதச் சொல்லுங்க."

பத்மநாபன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள்.

"இது வெள்ளை. இது... கொஞ்சம் மஞ்சளா இருக்கு."

"ரெண்டும் ஒரே படம் சார். அப்போ உங்களுக்கும் பார்வைக் குறைபாடா? லெட்டர் அடிச்சித் தரட்டுமா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் செட்டிங்கில் கலர் மேனேஜ்மென்ட் என்ற இடத்தைத் திறந்தாள். மானிட்டரின் பெயருக்குக் கீழே அதன் சொந்த ப்ரொஃபைல் உட்கார்ந்திருந்தது, புது மாப்பிள்ளை மாதிரி. அதைத் தேர்ந்தெடுத்து நீக்கினாள். எல்லாத் திரைக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலைச் சேர்த்து, அதையே நிரந்தரம் ஆக்கினாள். எடிட்டிங் சாப்ட்வேரை மூடித் திரும்பத் திறந்தாள். வெள்ளை வெள்ளையாக வந்தது. பிறகு அந்த முகூர்த்தப் புடவையின் படத்தைத் திறந்தாள். அதே திரையில், அதே சாப்ட்வேரில், இப்போது கத்திரிப்பூ. துண்டுத் துணியை எடுத்து அதன் மேல் வைத்தாள். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அஞ்சு வாரமா இந்தக் கம்ப்யூட்டர் எனக்குப் பொய்யைக் காட்டிக்கினு இருந்திச்சு சார். ஒரு ஆள் வந்து பாக்கல. 'உங்க வீட்ல யாருக்கு'ன்னு கேட்டீங்க."

பத்மநாபன் தொண்டையைச் செருமினார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது, மேலேயிருந்து வந்த திட்டைக் கீழே இறக்கி வைக்க இடம் தேடிய மனுஷன். "சரிம்மா, சரி. நல்லவேளை தெரிஞ்சுது. அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுரு. உக்காரு. அந்த அறுபத்திரண்டையும் இன்னிக்கே ஆரம்பிச்சிரு."

"உக்கார மாட்டேன் சார்."

"ஏன்?"

"நீங்க க்ரூப்ல எழுதினீங்க. ஜெஸ்ஸிக்குப் பார்வைக் கோளாறு, அவ முடிச்ச கலரை யாரும் அப்ரூவ் பண்ணாதீங்கன்னு. பொடவக் கம்பெனிக்காரங்களும் அதுல கீறாங்க. நாளைக்கி நான் எங்க போனாலும் அது எனக்கு முன்னாடி போவும். அங்கயே எழுதுங்க."

"அதைப் பெருசு பண்ணணுமா? நேர்ல சொல்லிட்டேனே."

"கோளாறுன்னு நேர்ல சொல்லிட்டு உட்டீங்களா? எழுதினீங்கல்ல."

பத்மநாபன் சுற்றிலும் பார்த்தார். யாரும் தங்கள் சீட்டுக்குத் திரும்பவில்லை. மேனேஜர் என்பதால் அவர் போன் மட்டும் அவரிடமே இருந்தது. அதை எடுத்து எதையோ தட்டி அவளிடம் காட்டினார்: 'கலர் பிரச்சினை தீர்ந்தது.'

"யார் பிரச்சினை சார்?"

அவர் அழித்தார். மறுபடி தட்டினார்: 'பிரச்சினை கம்பெனி கொடுத்த மானிட்டரின் ப்ரொஃபைலில் இருந்தது. ஜெஸ்ஸியின் பார்வையில் எந்தக் கோளாறும் இல்லை. தவறாகச் சொன்னதற்கு வருந்துகிறேன். கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்யப்பட்டது.' 'வருந்துகிறேன்' என்று தட்டும்போது அவர் காது மடல் சிவந்துவிட்டது. "போதுமா?" என்றார்.

ஜெஸ்ஸி போனைத் தன் கையில் வாங்கி, ஆரம்பத்திலிருந்து மெதுவாக வாசித்தாள். பையின் வார் இன்னும் தோளில் இருந்தது. திருப்பி அவரிடமே நீட்டினாள்.

"இதுல ஒண்ணு உட்டுட்டீங்க சார். சரிசெய்யப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. யார் சரிசெஞ்சாங்கன்னு போடல."

பத்மநாபன் அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவர் அந்தக் கடைசி வரியை அழித்துவிட்டு, அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"அனுப்புங்க," என்றாள் ஜெஸ்ஸி.